சொல் வைக்காத சிவப்புப் பட்டன்

என் கணவர் டீ டம்ளரை வலது கையிலும் டிவி ரிமோட்டை இடது கையிலும் பிடிக்கிற ஆள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் பார்க்கிறேன். பக்கவாதம் வந்து வலது பக்கம் மொத்தமாகப் படுத்துக்கொண்டது. இடது கையும் தோளிலிருந்து தொய்ந்துபோனது. கட்டைவிரல் ஒன்றுதான் மிஞ்சியது. வாயும் கட்டிக்கொண்டது, நாக்கு புரளவில்லை. ஆனால் புத்தி தெளிவாக இருந்தது. நாங்கள் பேசுவது அத்தனையும் அவருக்குப் புரிகிறது என்பது கண்ணைப் பார்த்தாலே தெரியும்.

இருபது வருஷம் பஸ் ஓட்டியவர். கள்ளக்குறிச்சியில் கிளம்பி, கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலை போய்த் திரும்புகிற தனியார் பஸ். வழியில் ஏறுகிற ஒருவரையும் சும்மா விட மாட்டார். மூட்டையோடு வருகிறவரிடம் மூட்டைக்கும் சீட்டு வேண்டுமா என்பார். தூங்கி வழிகிறவரை ஹாரன் அடித்து எழுப்புவார். அப்படி ஓயாமல் பேசிக்கொண்டிருந்த மனுஷன் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது சரிந்தார். அதற்குப் பிறகு வீட்டில் கேட்டதெல்லாம் என் குரலும் அத்தையின், அதாவது என் மாமியாரின், குரலும்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பேச்சு வரலாம், வராமலும் போவலாம். அது நம்ம கையில இல்லம்மா. ஆனா அவரு கேக்குறத வுடாம பாத்துக்கங்க. எனக்கு இது வேணும், அது வேணும்னு கேக்குறத வுட்டுட்டாங்கன்னா, சாப்புடுறதையும் வுட்டுடுவாங்க" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். அதன் கனம் வீட்டுக்கு வந்து மூன்றாவது வாரம்தான் எனக்குப் புரிந்தது.

முதலில் ஒரு அட்டையில் படம் ஒட்டினேன். சொம்பு, தட்டு, கட்டில், ஃபேன். நான் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போக, வேண்டியது வந்ததும் அவர் கண்ணைச் சிமிட்ட வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற குரலில் நான் ஆரம்பித்தேன். ஒரு நிமிஷம் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அடுத்து ஒரு மணி வாங்கிக் கட்டினேன். அதைத் தொடவேயில்லை. கஞ்சி பத்து கரண்டியிலிருந்து ஆறாகி, ஆறு நாலாகி, ஒரு நாள் கரண்டியைக் கொண்டுபோனதும் உதட்டை இறுக்கிக்கொண்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், யார் என்றெல்லாம் பார்க்க மாட்டேன். "இன்னாத்துக்கு இந்த வீம்பு? யாரைப் பழி வாங்குறீங்க?" என்று படுத்திருக்கிற மனுஷனிடம் கத்தினேன். அப்புறம் கொல்லைப்பக்கம் போய் நின்று அழுதேன்.

அவர் கையை விட்டு விழாத பொருள் ஒன்றே ஒன்றுதான். அந்த ரிமோட். எங்கள் தெரு கேபிள்காரர் கொடுத்த பெட்டியோடு வந்தது. வாங்கியபோது இருந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமல், மேலே ஒரு ரப்பர் பேண்ட் போட்டு, எட்டு வருஷமாகப் புதுசாக வைத்திருந்தோம். உறைக்குள் எழுத்தெல்லாம் மங்கலாகத்தான் தெரியும். அவருக்கு எழுத்து தேவையில்லை, விரலுக்கே தெரியும்.

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. டிவி அணைந்து கிடந்தது. மலைப்பக்கத்து ஜன்னலில் மழைக்கு முந்தின ஒரு மங்கல் வெளிச்சம், நேரம் என்னவென்றே தெரியாத வெளிச்சம். எங்கள் வீடு சங்கராபுரம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. வானம் தெளிவாக இருந்தால் மேற்கே மலை நீளமாகத் தெரியும். அன்றைக்கு மேகம் இறங்கி, மலை இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை. நைனார்பாளையத்தில் இருக்கிற நாத்தனாருக்கு, அவள் அண்ணன் எப்படி இருக்கிறார் என்று காட்ட ஒரு வீடியோ எடுக்கலாம் என்று போனை எடுத்தேன். கண்ணை மூடிப் படுத்திருந்தார். கட்டைவிரல் மட்டும் ரிமோட்டின் மேல் அசைந்துகொண்டிருந்தது. அமுக்குகிறார், விடுகிறார், அமுக்குகிறார். போன் திரையில் பார்த்தால், ரிமோட்டின் முனையில் ஊதா நிறத்தில் ஒரு வெளிச்சம் மினுக்கியது. போனை இறக்கிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. தூக்கிப் பார்த்தேன், மறுபடி ஊதா.

நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி அது. கேமராவுக்கு மட்டும் தெரியும். எனக்கு இது புது விஷயமே இல்லை, அதுதான் வேடிக்கை. பிழைப்பே அதில்தான் ஓடியது. சென்னையில் ஒரு கம்பெனியில் டிவி பெட்டிகளுக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தேன், கடைசி மூன்று வருஷமாக வீட்டிலிருந்தே வேலை. கம்ப்யூட்டரில் நாம் பார்க்கிற எல்லாவற்றுக்கும் அடியில் கெர்னல் என்று ஒரு நிரல் இருக்கும். யார் கண்ணிலும் படாது. கீபோர்டில் விரல் பட்டாலும் சரி, ரிமோட்டின் ஒளி பட்டாலும் சரி, முதலில் தெரிவது அதற்குத்தான். அதில் ரிமோட்டைக் கேட்கிற ஒரு சின்ன மூலையில்தான் எனக்கு வேலை. எத்தனையோ ரிமோட்டுகளின் ஒளியைப் படித்திருக்கிறேன். என் வீட்டுக் கட்டிலிலிருந்து ஒருத்தர் மூன்று வாரமாக ஒளியாலே தட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. "அடிப்பாவி" என்று என்னையே சொல்லிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அலமாரியில் உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடந்தது. அதோடு ஒளியை வாங்குகிற கறுப்பு மணி ஒன்றைச் சேர்த்தேன். மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு, மூன்று கம்பிக் கால். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் எல்லாவற்றையும் வைத்து, மணி மட்டும் வெளியே தெரிகிற மாதிரி ஓட்டை போட்டு, கட்டிலுக்கு எதிரே டிவிக்குக் கீழே வைத்தேன். அவர் எந்தப் பட்டனை அமுக்கினாலும் அதற்கு ஒரு சொல். டப்பா அதைச் சத்தமாகச் சொல்லும். இவ்வளவுதான் யோசனை.

ஆனால் கெர்னலுக்கு இந்த ரிமோட்டின் பாஷை தெரியவில்லை. உலகத்தில் இருக்கிற பெரிய கம்பெனிகளின் ரிமோட்டெல்லாம் அதற்கு அத்துபடி. எங்கள் தெரு கேபிள்காரர் எங்கிருந்தோ மொத்தமாக வாங்கிய இந்த ஜாதி ரிமோட் அந்தப் பட்டியலில் இல்லை. நானே எழுத வேண்டியதாயிற்று.

ரிமோட் பேசுவது இப்படி: கொஞ்ச நேரம் ஒளி, கொஞ்ச நேரம் இருட்டு. இருட்டு குட்டையாக இருந்தால் பூஜ்யம், நீளமாக இருந்தால் ஒன்று. அந்தப் பூஜ்யமும் ஒன்றும் சேர்ந்து ஓர் எண். ஒவ்வொரு பட்டனுக்கும் ஓர் எண். அந்த நீளங்களை அளந்து, எது எங்கே முடிகிறது என்று கெர்னலுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நீளம் என்றால் கண் சிமிட்டுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. கட்டிலுக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, அவரை அமுக்கச் சொல்லி, வருகிறதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த வாரம் முழுக்கப் பகல் கனவில் இருந்த மாதிரிதான் இருந்தேன். ரோட்டில் கரும்பு டிராக்டர் போகும்போது ஜன்னல் இருண்டு வெளுக்கும், அதையும் மனசு எண்ணும். கொடியில் அத்தையின் புடவை காற்றில் விலகி மூடும், ஒளி, இருட்டு, ஒளி, நீள இருட்டு. மலையின் மேல் மேக நிழல் நகர்ந்துபோகும், அதுவும் ஏதோ ஓர் எண்ணின் பாதிதான் என்று தோன்றும். சோறு வடித்த பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறேன். "இன்னாம்மா, நின்னுக்கினே தூங்குறியா?" என்று அத்தை வந்து பாத்திரத்தை வாங்கிக்கொள்வார்.

சாயங்காலம் வெயில் சரிந்து மேற்கு ஜன்னல் வழியாக நேராக அந்த மணியின் மேல் விழும். அப்போது யாரும் எதுவும் அமுக்காமலேயே கெர்னலுக்கு ஏதோ கேட்கும். தாறுமாறான நீளங்கள், எந்த எண்ணிலும் சேராதவை. வெயிலிலும் அதே ஒளி இருக்கிறதல்லவா. திரையில் ஓடுகிற அந்த அர்த்தமில்லாத வரிகளை வெறுமனே பார்த்துக்கொண்டு இருப்பேன். அவரும் தலையைத் திருப்பிப் பார்ப்பார். கொஞ்ச நாளில் எனக்கு அது பிடித்துப்போனது, ஆனாலும் வேலைக்கு ஆகாதே. டப்பாவை நிழல் பக்கம் தள்ளி வைத்தேன்.

பத்தொன்பது சொல் எழுதினேன். தண்ணி வேணும். ஒண்ணுக்கு வருது. வலிக்குது. ஃபேன் போடு. குளிருது. திருப்பிப் படுக்க வை. ஆமா. இல்ல. இப்படிப் போனது பட்டியல். போர்வையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, வெளியே இருந்து சத்தம் வராமல், என் குரலிலேயே பதிவுசெய்தேன். அவர் மார்பின் மேல் கையை எடுத்து வைத்து, ரிமோட்டைக் கொடுத்து, "ஒண்ண அமுக்குங்க" என்றேன்.

அமுக்கினார். "தண்ணி வேணும்" என்றது டப்பா. அவர் கண் விரிந்தது. அடுத்த நொடி, "தண்ணி வேணும். தண்ணி வேணும். தண்ணி வேணும். தண்ணி வேணும்." நிற்கவில்லை. சமையற்கட்டிலிருந்து அத்தை சொம்போடு ஓடி வந்தார். "வரேன்டா, வந்துட்டேன்டா, ஏன்டா இப்பிடிப் பறக்குற! தண்ணி எங்க ஓடியா பூடப்போவுது!" டப்பா விடுவதாக இல்லை. அத்தை பதறி இன்னொரு சொம்பும் கொண்டுவர ஓடினார். அப்போது என் கணவரின் இடது கடைவாய் மேலே ஏறியது. சிரிக்கிறார். சரிந்து விழுந்த பிறகு முதல் தடவை. அன்றைக்கு அரை சொம்பு தண்ணீரும் குடித்து, ஏழு கரண்டி கஞ்சியும் வாங்கிக்கொண்டார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

தப்பு எங்கே என்று அப்புறம் பார்த்தேன். நாமெல்லாம் பட்டனைத் தட்டிவிட்டு எடுத்துவிடுவோம். அவர் விரல் மெதுவாக இறங்கும், இறங்கினால் சீக்கிரம் எழும்பாது, நடுவில் நடுங்கும். ஒவ்வொரு நடுக்கத்திலும் ஒளி அறுந்து அறுந்து வரும். அறுந்த ஒவ்வொரு தடவையும் விரல் எழுந்துவிட்டது, புதிதாக இன்னொரு தடவை அமுக்குகிறார் என்று கெர்னல் எடுத்துக்கொள்கிறது. அதனால் விரல் எழுந்துவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுத்திரு என்று எழுதினேன். ஒரு மூச்சு விடுகிற நேரம். நம் வீட்டுக்கு அது போதும்.

இந்த கெர்னல் யாருக்கும் சொந்தமில்லாதது. உலகமெல்லாம் உட்கார்ந்து எழுதுகிறார்கள். ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் படித்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். புது ரிமோட்டின் பாஷையையும் இந்தப் பொறுமையையும் சேர்த்து அனுப்பினேன். பனி பெய்கிற ஏதோ ஒரு நாட்டிலிருந்து பதில் வந்தது. ரிமோட் பகுதி சரி, ஆனால் இவ்வளவு நேரம் காத்திருப்பது எதற்கு, எந்த மனுஷனும் பட்டனை அப்படிப் பிடித்துக்கொண்டிருக்க மாட்டானே என்று கேட்டிருந்தார். எனக்கு வந்ததே கோபம். நாலு வரி சூடாக எழுதி, எழுதிய கையோடு அழித்து, ஒரே வரி அனுப்பினேன்: "எங்கள் வீட்டில் ஒருவர் பிடிக்கிறார்." மறுநாள் காலையில் அவர் பதில் இருந்தது. அப்படியானால் அந்த நேரத்தை ஒரே அளவாகப் பூட்டி வைக்காதீர்கள், அவரவர் வீட்டு விரலுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ள வழி வையுங்கள் என்று எழுதியிருந்தார். முகம் தெரியாத அந்த மனுஷனுக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. அவர் சொன்னபடியே மாற்றினேன்.

மாற்றி வைத்தது ஆயுத பூஜை அன்றைக்குக் காலையில். அதுதான் எனக்கு வினையாகப் போனது.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு பஸ்ஸைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சந்தனம் தெளித்து, தெருமுனைவரை கொண்டுவந்து எங்களை ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றுவார். அந்த வருஷம் வேறு ஒருத்தர் அதை ஓட்டிக்கொண்டு போனார். தெருமுனையில் வந்ததும், பாவம், மரியாதைக்கு மூன்று தடவை ஹாரன் அடித்தார். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். அத்தை சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் எடுத்துக்கொண்டு வீடு முழுக்கப் போய்க்கொண்டிருந்தார். அரிவாள்மனை, மிக்ஸி, என் லேப்டாப், ரிமோட், எல்லாவற்றுக்கும் பொட்டு. நான் பொரியும் சுண்டலும் எடுத்து வைக்கிற வேலையில் இருந்தேன்.

அன்று மத்தியானம் டப்பா பேசவில்லை. அவர் அமுக்குகிறார், ஒன்றும் வரவில்லை. ரிமோட்டை வாங்கி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து நான் அமுக்கினேன், "வலிக்குது" என்றது. கட்டிலிலிருந்து அமுக்கினால் மௌனம். காலையில்தானே மாற்றினேன், நான்தான் எதையோ உடைத்துவிட்டேன் என்று முடிவுகட்டினேன். எழுதியதை ஒவ்வொரு வரியாகப் பிரித்தேன். பழையதைத் திரும்பப் போட்டேன். அதிலும் இல்லை. இரண்டு நாள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் முதல் நாள் பொறுமையாக அமுக்கிக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் சாயங்காலம் ரிமோட் கையிலிருந்து நழுவி மெத்தையில் விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன், பிடிக்கவில்லை. முகம் சுவர் பக்கம் போனது. கஞ்சிக்கு உதடு திறக்கவில்லை. கொடுத்துவிட்டுப் பிடுங்கியது, கொடுக்காமலே இருந்ததைவிட மோசம்.

கடைசியில் போன் கேமராவை ரிமோட்டின் முனைக்கு நேரே பிடித்தேன். ஊதா பளிச்சென்று வந்தது. அப்படியானால் பேசுகிற இடத்தில் தப்பில்லை, கேட்கிற இடத்தில்தான் என்று டப்பாவைக் கையில் எடுத்தேன். அந்தக் கறுப்பு மணியின் மேல், நடுவில், காய்ந்து வெடித்த சந்தனம். அதன் மேல் குங்குமம். கெர்னலைக் கரைத்துக் குடித்தவள், கண்ணெதிரே இருந்த பொட்டை இரண்டு நாளாகப் பார்க்கவில்லை.

"அத்தை! யாரைக் கேட்டு இதுல பொட்டு வெச்சீங்க?" என்று வீடு அதிரக் கத்தினேன்.

அத்தை ஈரக் கையோடு வந்து நின்றார். "யாரைக் கேக்கணும்? இனிமே இதாம் அத்தை உங்க புள்ளைக்கு வாயின்னு நீதான சொன்ன? அருவாமனைக்கு வெச்சிட்டு எம்புள்ள வாய்க்கு வெக்காம இருப்பனா? நடு நெத்தியில பாத்துதான் வெச்சேன், கோணக்கூட இல்ல."

பொட்டை ஈரத்துணியால் துடைத்தேன். ரிமோட்டை அவர் விரலுக்குக் கீழே வைத்து, "ஒரே ஒரு வாட்டி, எனக்காக" என்று கெஞ்சினேன். ரொம்ப நேரம் ஆனது. விரல் இறங்கியது. "குளிருது" என்றது டப்பா. அத்தை போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டு, டப்பாவின் பக்கவாட்டில், மணிக்கு ரொம்பத் தள்ளி, புதிதாக ஒரு பொட்டு வைத்தார். அதற்கு நானே இடம் காட்டினேன்.

அதற்கப்புறம் வீடு ஒரு ஒழுங்குக்கு வந்தது. கேட்டார், கொடுத்தோம். ஆனால் அவர் முகத்தில் ஏதோ ஒன்று வரவில்லை. கஞ்சி ஏழு கரண்டிக்கு மேல் ஏறவேயில்லை. அதற்குப் பெயர் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நாத்தனார் வந்தபோது அவள்தான் போட்டு உடைத்தாள். கட்டில் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து டப்பா பேசுவதைக் கேட்டுவிட்டு, "அண்ணி, தப்பா நெனச்சிக்காதீங்க. கேக்குற குரலும் உங்குளுது, குடுக்குற கையும் உங்குளுது. நடுவுல எங்க அண்ணன் எங்க இருக்குது?" என்றாள். சுருக்கென்றது. "நீ வந்து ஒரு வாரம் இருந்து பாரு, தெரியும்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவள் பஸ் ஏறிப் போன பிறகும் அது காதிலேயே நின்றது.

அன்றைக்குத்தான் டப்பாவின் பதிவேட்டைத் திறந்தேன். எந்த எண் எப்போது வந்தது என்று கெர்னல் சொல்வதை ஒரு கோப்பில் எழுதி வைக்கச் சொல்லியிருந்தேன், எப்போதாவது தப்பு வந்தால் பார்க்க. எண்ணுக்கு நேரே சொல். தண்ணி. ஃபேன். ஆமா. ஓர் எண்ணுக்கு மட்டும் எதிரே வெறுமை. நான் எந்தச் சொல்லும் வைக்காத பட்டன், கீழ் வரிசையில் இருக்கிற சிவப்பு. கெர்னல் அதைக் கேட்டிருக்கிறது, பெயர் தெரியாததால் சும்மா இருந்திருக்கிறது. கை தவறி அமுக்கியிருப்பார் என்று நினைத்தேன். ஆனால் ஒரு நாளில் பத்து, பன்னிரண்டு தடவை. நேரத்தைப் பார்த்தேன். காலை ஏழரை, நான் பால்காரரோடு சண்டை போட்ட நேரம். பதினொன்றே கால், கம்பெனி மீட்டிங்கில் ஒருத்தனைக் காய்ச்சி எடுத்த நேரம். மூன்று மணி, இவரிடமே கத்திய நேரம். நான் வாயைத் திறந்து பொரிந்த ஒவ்வொரு தடவையும் அந்த மனுஷன் படுத்த இடத்திலிருந்து என்னவோ பதில் சொல்லியிருக்கிறார்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இந்தச் செவப்பு பட்டன்ல இன்னா வெக்கணும்? நான் எழுத்தா சொல்றேன். வந்தா ஆமா அமுக்குங்க." க, ச, த என்று போனேன். ப என்றதும், "ஆமா." ப, பா, பி என்று ஏறி, போ வந்ததும், "ஆமா."

"போ... போர்வையா?"

"இல்ல."

"போவணுமா? மலைக்கா? வெள்ளிமலைக்கு ஒரு வாட்டி கூட்டிக்கினு போவவா?" வண்டி பிடிக்கலாம், மெத்தையை எப்படி வைப்பது என்றுகூட மனசு ஓடிவிட்டது.

"இல்ல." கண்ணில் ஒரு மினுக்கல்.

மறுபடி எழுத்து. ட வரிசையில் நின்றார். டி என்றதும், விரல் இறங்குவதற்கு முன்பே கடைவாய் ஏறிவிட்டது. போடி.

இத்தனை வருஷம் என் கோபத்துக்கெல்லாம் அவர் கொடுத்த ஒரே பதில் அதுதான். நான் சாமியாடுவேன், அவர் சட்டையை மாட்டிக்கொண்டே சிரித்து, "போடி" என்பார், அதோடு எல்லாம் அடங்கும். பத்தொன்பது சொல் எழுதியவளுக்கு அது தோன்றவில்லை. நோயாளிக்கு என்ன வேண்டும் என்று யோசித்தேனே தவிர, இவருக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கவில்லை. என்னையே நான் போடி என்று பதிவுசெய்ய முடியுமா? என் போனில் அவருடைய பழைய குரலைத் தேடினேன். மலையில் வெள்ளிமலை பஸ் நிலையத்தில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும், அங்கே வண்டியை நிறுத்திவிட்டு மத்தியானம் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார். நூற்றுக்கணக்கில் கிடந்தன, ஒன்றைக்கூட நான் அழிக்கவில்லை, திறந்து கேட்கவும் இத்தனை நாள் தைரியமில்லை. ஒன்றில், பின்னால் எஞ்சின் உறுமலோடு, "அதெல்லாம் ஒண்ணியும் ஆவாது, போடி." கடைசிச் சொல்லை மட்டும் வெட்டி எடுத்தேன். சிவப்புக்கு அதை வைத்தேன்.

அமுக்கினார்.

"போடி."

சமையற்கட்டில் ஏதோ பாத்திரம் விழுந்தது. அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். "பேசிட்டானா? எம்புள்ள பேசிட்டானாம்மா?"

எனக்கு அப்போதுதான் என்ன செய்துவைத்தேன் என்று உறைத்தது. "இல்ல அத்தை... பழைய குரலு. போன்ல இருந்தது. டப்பாலேர்ந்துதான் வருது." சொல்லும்போது அத்தையின் முகம் விழுந்ததைப் பார்க்க முடியவில்லை. கட்டிலின் விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தார். "இன்னொரு வாட்டி அமுக்குடா" என்றார்.

"போடி."

"பெத்தவளையா போடின்ற, நாயே" என்று மகன் கன்னத்தைத் தடவினார். சிரித்தார், அழுதார், இரண்டும் ஒன்றாக. அப்புறம் என் பக்கம் திரும்பி, கூச்சத்தோடு கேட்டார். "எனக்கும் ஒண்ணு வையம்மா. அம்மான்னு கூப்புடுற மாதிரி."

தேடினேன். நாலு நாள், வேலைக்கு நடுநடுவே, ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் அம்மாவுக்கு அவர் எதுவும் அனுப்பியதில்லை. அத்தைக்குப் போனே கிடையாது. ஒரே வீட்டில் இருக்கிற அம்மாவை வாயால் கூப்பிடுவார்கள், பதிவுசெய்தா வைப்பார்கள்? கிடைக்கவில்லை என்று அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்துக்கொண்டே ஐந்தாம் நாள் இன்னொன்றைத் திறந்தேன். எனக்கு அனுப்பியதுதான். ஏதோ மளிகைச் சாமான் பேச்சு, நடுவில் யாரோ ஒரு பெண் கீரைக் கட்டைக் கூவி விற்கிற சத்தம், முடிக்கப்போகும்போது, நினைவு வந்த மாதிரி, "அம்மா சாப்டுச்சா?" அடுத்த நாள் பதிவிலும் இருந்தது. அதற்கு முந்தின நாளிலும். எல்லாவற்றிலும் கடைசியில் அது இருந்திருக்கிறது. தினமும் கேட்டதால் அது என் காதில் விழவேயில்லை.

சிவப்புக்குப் பக்கத்தில் சும்மா இருந்த பச்சைப் பட்டனுக்கு அதை வைத்தேன். அவருக்கு மட்டும் காட்டினேன், அத்தையிடம் சொல்லவில்லை. மறுநாள் மத்தியானம் அத்தை கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியை நீட்டினார். அவர் உதட்டைத் திறக்கவில்லை. விரல் இறங்கியது.

"அம்மா சாப்டுச்சா?"

அத்தை அன்றைக்கு இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். எழுந்து போய், தன் தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து, அவர் கண்ணெதிரே உட்கார்ந்து ஒரு வாய் வைத்துக்கொண்டார். "சாப்ட்டேன்டா. பாரு. சாப்ட்டேன். இப்ப நீ சாப்புடு" என்றார்.

அவர் வாயைத் திறந்தார்.